பிறக்காத பிள்ளைக்கு ஒரு கால்

அத்தியாயம் நான்கு

முதலாளி கடிதத்தைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் மூக்கை அந்தக் கடிதம் இரண்டு முறை தொட்டுவிட்டுப் போனது.

"ஆகையால், மேற்படி பெண் ஊழியர் வேண்டுமென்றே செயற்கைக் கால்களின் அளவைக் கெடுத்து, எங்கள் பட்டறையின் பெயரை நாசமாக்குகிறார் என்று நம்புகிறேன்" என்று முடித்தார். "ரெண்டு பக்கம். நானே எழுதினேன். எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டா என் மூக்கும் நல்லா இருக்கும்" என்றேன்.

"எனக்கெதுக்கு கண்ணாடி? எழுபது வயசு வரைக்கும் எங்கப்பா கண்ணாடி போட்டதில்ல."

மேசைக்கு அடியில் அண்ணி என் காலை மிதித்தார். அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பன்னிரண்டு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யான கோரிக்கைகளைக் கண்டுபிடித்து ஊராரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் பிரவுசிங் சென்டர் ஒன்றை நடத்தி, நன்றாகவே மூடிவிட்டு, அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். எனக்குச் சம்பளம் உண்டு. மரியாதை, அண்ணன் பக்கத்தில் இருந்தால் மட்டும் உண்டு.

"சார், ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

முதலாளி சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன், அவர் சுருக்கவில்லை. இது செயற்கைக் கால் செய்யும் பட்டறை. ஆபரேட்டர் அம்மா என்று ஒருவர் பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறார். காலை இழந்தவர்களை அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் போடுவது அவர் வேலை. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்ல, செதுக்கும் மிஷின் ஒரு நுரைக்கட்டையில் அச்சைச் செதுக்கும். அந்த அச்சின் மேல்தான் மிச்சக் கால் போய் உட்காரும் கிண்ணத்தைச் செய்வார்கள். கிண்ணம் சரியாக அமைந்தால் கால் நடக்கும். அமையாவிட்டால் அது மூலையில் சாத்தி வைக்கிற பொருள்.

கடந்த ஆறு வாரத்தில் மூன்று குழந்தைகளின் கால் இறுக்கமாக வந்து திரும்பிவிட்டது. அதில் ஒரு பதினொரு வயதுப் பெண்ணுக்கு மூன்று முறை செய்து, மூன்றும் இறுக்கம். இன்று நான்கு மணிக்கு நான்காவது முறையாக வருகிறாள்.

"அதே நாலு மணிக்குத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார் முதலாளி. "ரெண்டு தெரு தள்ளி புதுசா ஒரு பட்டறை வந்திருக்கு. அவங்க இந்தம்மாவை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. எனக்குத் தெரியும். போறதுக்கு முன்னாடி என் பேரைக் கெடுத்துட்டுப் போகலாம்னு பாக்கறாங்க."

"ஆதாரம்?"

அவர் ஒரு பட்டியலை எடுத்துப் போட்டார். "இத பாருங்க. ஆஸ்பத்திரியில பழைய லிஸ்ட் கேட்டாங்கன்னு எடுத்தேன். நாப்பது பேர். ஒருத்தர் பிறந்த வருஷமாவது உண்மையா இருக்கா? ஒன்பது வயசுப் பையன் எனக்குத் தம்பி மாதிரி பதிவாகியிருக்கான். இப்படிப் பொய்யா எழுதறவங்க வேற என்னதான் செய்யமாட்டாங்க?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

"பத்தொன்பது வருஷமா கூட இருக்கறவங்கள மூஞ்சிக்கு நேரா எப்படிங்க கேக்கறது?"

போலீஸில் கொடுக்கலாம், ஆனால் கேட்கக் கூடாது. முதலாளிகளின் மனசு எனக்கு எப்போதும் புரிந்ததில்லை, அதனால்தானோ என்னவோ நானும் முதலாளியாக நிலைக்கவில்லை.

"நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் கொடுங்க" என்று அண்ணி எழுந்தார். மணி அப்போது பதினொன்று.

---

கம்ப்யூட்டர் அறை, பட்டறையின் பின்பக்கம், சுத்தமாக இருந்தது. ஒரு மேசை, ஒரு பெரிய திரை, சுவரில் அருவிப் படம் போட்ட காலண்டர். நேற்று வரை ஒவ்வொரு தேதியாகப் பேனாவால் அடித்திருந்தது. திரையின் வலது கீழ் மூலையில் விரல் நீளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டருக்குக் காயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேட்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"விசாரிக்கத்தான வந்திருக்கீங்க. உக்காருங்க. ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு, உங்களுக்குள்ள பேசிக்குங்க."

அண்ணி உட்கார்ந்தார். பேச்சுவார்த்தை ஏதும் நடக்கவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். புத்தம்புதுக் கம்ப்யூட்டர். ஆனால் திரையின் நடுவிலிருந்து வலது கீழ் மூலை வரை ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்குள் சாம்பல் நிறத்தில், பல்லெல்லாம் தெரிகிற மாதிரிக் கட்டை எழுத்துகளோடு, என் பள்ளிக்கூட நாட்களின் கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அண்ணி, இது டபுள் ஆக்ட். புது கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி நடிக்க வெச்சிருக்காங்க. அந்தப் பழைய சாஃப்ட்வேரும் ஏதோ பழைய வீட்டுலதான் இருக்கோம்னு நம்பி வேலை செய்யும்."

ஆபரேட்டர் அம்மா முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. "தம்பிக்கு விஷயம் தெரியுது."

"பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தேன்மா."

"இப்ப?"

"இப்ப இவங்க வெச்சிருக்காங்க."

அதன்பிறகு அந்த அம்மாவை நிறுத்த முடியவில்லை. இந்த சாஃப்ட்வேரை எழுதிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பட்டறையில் கம்ப்யூட்டர் நான்கு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் வந்து மாட்டியவர்கள், இது இனிமேல் ஓடாது என்று கையை விரித்தார்கள். ஒவ்வொரு முறையும் இவர் ஓட வைத்தார்.

"இது மாப்பிள்ளை முறுக்கு காட்டும் தம்பி. ஃபோல்டர் பேரு எட்டு எழுத்துக்கு மேல போனா திறக்காது. கலர் ஜாஸ்தியானா திறக்காது. அது பிறந்தப்ப கூட இருந்த பிரிண்டர் இல்லேன்னாலும் திறக்காது. அந்தப் பிரிண்டர் செத்து பத்து வருஷமாச்சு. அதோட பேரைப் புது பிரிண்டருக்கு வெச்சேன். தாத்தா பேரைப் பேரனுக்கு வெக்கறதில்லையா, அப்படி. உடனே ஒத்துக்கிச்சு."

"அதாவது, அது கேக்கற பொய்யெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றேன்.

அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் சட்டென்று அணைந்தது. "ஆமா" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அண்ணியும் இதைப் பார்த்தார். "அக்கா, இந்த ஆறு வாரத்துல நீங்க வேலை செய்யற விதம் ஏதாவது மாறிச்சா?"

"ஒண்ணும் மாறல. அதான் எனக்கும் புரியல. சாயங்காலம் அளவெடுத்து ஏத்திட்டுப் போவேன். காலையில வந்து செதுக்கற பட்டனை அழுத்துவேன். பத்தொன்பது வருஷமா இதேதான்." கொஞ்சம் யோசித்தார். "ஒரே ஒரு விஷயம். காலையில வந்து பாத்தா திரையில எழுத்தெல்லாம் பெருசு பெருசா இருக்கு. நான் சின்னதாக்கிட்டு வேலையை ஆரம்பிப்பேன். மறுநாள் வந்தா திரும்பப் பெருசு. புது கம்ப்யூட்டர் தானா ஏதோ செய்யுதுன்னு விட்டுட்டேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு ஒன்றரை மாசமா இருக்கும்."

அண்ணி தலையாட்டிவிட்டு, கடந்த மூன்று மாதத்தில் கால் வாங்கியவர்களின் பட்டியலைக் கேட்டார். கூடவே, அளவெடுக்கும்போது கையால் எழுதும் அட்டைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

---

பட்டறையின் முன்கூடத்தில், பிடித்து நடந்து பழகும் இரண்டு நீளக் கம்பிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச். அதில் பட்டியலை ஒரு பக்கமும் அட்டைகளை ஒரு பக்கமும் பரப்பினோம். நான் பெயரைப் படிக்க, அண்ணி டிக் போட்டார். அரை மணி நேரத்தில் எனக்குத் தேநீர் தேவைப்பட்டது. அண்ணிக்கு ஒரு குழப்பம் கிடைத்தது.

"இதப் பாரு. கையெழுத்து அட்டையில எல்லாருக்குமே உண்மையான பிறந்த வருஷம்தான் இருக்கு. கம்ப்யூட்டர்லதான் மாறுது."

"முதலாளி சொன்னதுதான அண்ணி?"

"அவர் பாதிதான் சொன்னார். ஆறு வாரத்துக்கு முன்னாடி வந்தவங்க எல்லாருக்கும் கம்ப்யூட்டர்ல பொய் வருஷம். ஆனா அவங்க கால் எல்லாம் கனகச்சிதம், ஒரு புகார் கிடையாது. ஆறு வாரமா வந்தவங்களுக்குக் கம்ப்யூட்டர்லயும் உண்மையான வருஷம். திரும்பி வந்த மூணு பிள்ளைங்களும் இதுலதான் இருக்காங்க."

"பொய் எழுதினா கால் சரி. உண்மை எழுதினா கால் தப்பு."

"ஆமா."

"அப்ப எல்லாருக்கும் பொய்யே எழுதிடலாம். கேஸ் முடிஞ்சுது, வாங்க சாப்பிடப் போலாம்."

அண்ணி என்னை முறைக்கப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் கண் எங்கோ சுவரில் போய் நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. நான் விளையாட்டாகச் சொன்னதை அவர் நிஜமாக எடுத்துக்கொள்ளும் போதெல்லாம் எனக்கு அலைச்சல் கூடுவது வழக்கம்.

"பொய்யெல்லாம் எவ்வளவு பொய்னு கழிச்சுப் பாரு" என்றார்.

நான் செல்போனில் கழித்தேன். முதல் ஆளுக்கு இருபத்தெட்டு. இரண்டாவது ஆளுக்கு இருபத்தெட்டு. ஒன்பது வயதுப் பையனுக்கும் இருபத்தெட்டு, எண்பது வயதுப் பெரியவருக்கும் இருபத்தெட்டு. ஒருத்தரிடமும் பாரபட்சம் இல்லை.

"மனம்போன போக்குல பொய் சொல்றவங்க இப்படி அளந்து சொல்லமாட்டாங்க" என்று அண்ணி எழுந்துவிட்டார். "அந்த ரூம்ல காலண்டர்ல என்ன வருஷம் போட்டிருந்துது?"

"இந்த வருஷம்தான். நேத்து வரைக்கும் பேனாவால அடிச்சிருந்துதே."

"வருஷத்தைப் பாத்தியா, அருவியைப் பாத்தியா?"

அருவியைத்தான் பார்த்திருந்தேன்.

---

அது இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய காலண்டர். தாள் பழுத்திருந்தது, பேனாக் கோடுகள் மட்டும் புதுசு. கிழமைகள் எல்லாம் இந்த வருடத்தோடு அச்சாகப் பொருந்தியிருந்தன.

"இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை தேதியும் கிழமையும் அப்படியே திரும்ப வரும்" என்றார் அண்ணி. பிறகு ஆபரேட்டர் அம்மாவைப் பார்த்து மெதுவாக, "அக்கா, அந்தப் பிளாஸ்திரியை எடுக்கட்டுமா?" என்றார்.

அந்த அம்மா திரையை விட்டு ஒதுங்கி நின்றார். அண்ணி உரித்தார். பழைய கம்ப்யூட்டர் ஜன்னலின் மூலையில், பிளாஸ்திரிக்கு அடியில், தேதி இருந்தது. இன்றைய நாள், இன்றைய மாதம், இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய வருடம்.

"லைசன்ஸ் முடிஞ்சிடுச்சு" என்றார் ஆபரேட்டர் அம்மா. "பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தத் தேதி தாண்டினா சாஃப்ட்வேர் திறக்காது. புதுப்பிக்கலாம்னா கம்பெனியே இல்ல. அன்னிக்கு முன்கூடத்துல ஏழு பேர் காலுக்காக உக்காந்திருந்தாங்க. நான் கடிகாரத்தைப் பின்னால தள்ளினேன். எவ்வளவு தள்ளறதுன்னு பாத்தேன். மறுபடி வரவேண்டிய நாளை இது சீட்டுல கிழமையோட அச்சடிக்கும். கிழமை மாறினா ஜனங்க தப்பான நாள்ல வந்து நிப்பாங்க. அதனால இருபத்தெட்டு."

"பிறந்த வருஷத்துலயும் இருபத்தெட்டைக் கழிச்சுட்டீங்க."

"கழிக்கலேன்னா வயசு தப்பாயிடுமே. பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தா, வயசுக்கு ஏத்த மாதிரி, வளர்ற காலுக்கு உள்ள கொஞ்சம் இடம் விடும் இது. ரெண்டையும் சேர்த்துப் பின்னால தள்ளினா வயசு சரியா வரும். இத்தனை வருஷமா சரியாத்தான் வந்துது. இப்ப என்னாச்சுன்னு தெரியல. நான் செஞ்ச தப்புக்குத்தான் இது பழிவாங்குதுன்னு நெனச்சேன். சார்கிட்ட சொல்லத் தைரியம் வரல. சொன்னா புது சாஃப்ட்வேர் வாங்குவார், அதோட புது ஆளும் வருவாங்க. நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

எனக்குச் சிரிப்பாகப் பேச ஒன்றும் வரவில்லை. இது அபூர்வம்.

அண்ணி அட்டைகளைப் புரட்டி ஒன்றை உருவினார். "இந்தத் தபால்காரர் நாலு வாரத்துக்கு முன்னாடி கால் வாங்கியிருக்கார். வயசு முப்பத்தெட்டு. புகார் எதுவும் வரலையே?"

"இல்ல."

"தம்பி, அவருக்குப் போன் போடு. கால் தொளதொளன்னு இருக்கான்னு கேளு."

"இறுக்கமான்னு கேக்கணுமா?"

"தொளதொளன்னு."

போன் போட்டேன். தபால்காரர் நடுத்தெருவில் இருந்தார். என் கேள்வியைக் கேட்டதும், "உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். நான்கு வாரமாக இரண்டு காலுறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி ஓட்டுகிறாராம். ஆபரேட்டர் அம்மா மேல் இருந்த மரியாதையால் புகார் சொல்லவில்லையாம்.

போனை வைத்தபோது எனக்கு லேசாகப் புல்லரித்தது. "அண்ணி, இதென்ன ஜோசியமா?"

"கழித்தல் கணக்கு. கடிகாரம் இருபத்தெட்டு வருஷம் பின்னால ஓடுது. உண்மையான பிறந்த வருஷத்தைப் போட்டா முப்பத்தெட்டு வயசு ஆளை இது பத்து வயசுப் பையன்னு நினைக்கும். வளர்ற பையனாச்சேன்னு உள்ள இடம் விடும். அதான் தொளதொள. அம்பது தாண்டினவங்க எப்படிப் பாத்தாலும் பெரியவங்கதான், அவங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல."

"பதினொரு வயசுப் பொண்ணு?"

"பதினொண்ணுல இருபத்தெட்டு போனா?"

கழித்துப் பார்த்தேன். மைனஸ் பதினேழு. "அந்தப் பொண்ணு இன்னும் பிறக்கவே இல்ல" என்றேன்.

"பிறக்க இன்னும் பதினேழு வருஷம் இருக்கு. அப்படி ஒரு ஆள் கால் வாங்க வருவார்னு எழுதினவர் நினைச்சிருக்கமாட்டார். வயசு மைனஸானா, விடவேண்டிய இடமும் மைனஸ். விடறதுக்குப் பதிலா உள்பக்கமா வாங்கிடும்."

ஆபரேட்டர் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஆனா நான் கழிச்சுத்தானே போட்டேன். அந்தக் குழந்தைக்கு மூணு தடவையும் கழிச்சுத்தான் போட்டேன்."

"பாத்தீங்களா" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. முதலாளி. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. முகம் சிவந்திருந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களை. "கடிகாரத்தை மாத்தியிருக்காங்க, லைசன்ஸ் முடிஞ்சதை மறைச்சிருக்காங்க, பத்து வருஷமா என்னை ஏமாத்தியிருக்காங்க. அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. நாலு மணி வரைக்கும் எதுக்கு? இப்பவே கிளம்பறேன்."

சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டு பக்கக் கடிதம் எட்டிப் பார்த்தது. ஆபரேட்டர் அம்மா எழுந்து நின்று, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நியாயம் பேசவோ அழவோ இல்லை. இத்தனை வருடம் இந்த நிமிடத்துக்காகக் காத்திருந்தவர் போல நின்றார்.

"போங்க சார்" என்றார் அண்ணி. "போறதுக்கு முன்னாடி இந்தப் பட்டியலை மட்டும் ஒரு தடவை படிச்சுக் காட்டிட்டுப் போங்க."

முதலாளி வாங்கினார். கை தானாக நீண்டது. முழங்கை நிமிர்ந்தது. போதாமல் தலையையும் பின்னால் சாய்த்தார்.

"எழுத்து சின்னதா இருக்கில்ல சார்?"

"கொஞ்சம்."

"கம்ப்யூட்டர்லன்னா பெருசாக்கிக்கலாம்" என்றார் அண்ணி.

ஆபரேட்டர் அம்மா திரையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்காக லிஸ்ட் எடுத்தீங்க, பிறந்த வருஷம் பொய்யா இருந்துது. இவங்களைக் கேக்க மனசு வரல. அதனால தினமும் சாயங்காலம் இவங்க கிளம்பினதும் இங்க வந்து உக்காந்து, எழுத்தைப் பெருசாக்கி, அன்னிக்கு அளவெடுத்தவங்க அட்டையைப் பாத்து வருஷத்தை நேர் பண்ணியிருக்கீங்க. சரிதானே சார்?"

"நேர்தானேம்மா பண்ணேன்" என்றார் முதலாளி. வெற்றிக் களை எங்கே போனதென்று தெரியவில்லை. "என் பட்டறையில பொய் இருக்கக் கூடாதுன்னு..."

"இங்க ரெண்டு பொய் கைகோத்துக்கிட்டு இருந்துது. ஒண்ணை மட்டும் பிரிச்சுட்டீங்க. அந்தப் பிளாஸ்திரியை ஒரே ஒரு நாள் உரிச்சிருந்தா தேதி கண்ணுல பட்டிருக்கும். இல்ல, வாயைத் திறந்து கேட்டிருந்தா அதுவும் வேண்டாம்."

நான் முதலாளிக்கு அந்த ஒரே நாற்காலியைத் தள்ளினேன். அண்ணி எழுந்துவிட்டதால் அது காலியாக இருந்தது. உட்கார்ந்தார். அது அவர் தினமும் மாலையில் உட்காரும் நாற்காலிதான்.

"அந்தக் குழந்தை மூணு தடவை அழுதுட்டுப் போனா" என்றார், யாரிடமும் இல்லாமல். "அது என்னாலயா?"

ஆபரேட்டர் அம்மாதான் முதலில் அசைந்தார். கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தார். "மணி ஒண்ணாகப் போகுது. இப்ப திரும்பச் செதுக்க ஆரம்பிச்சா நாலுக்குள்ள கிண்ணம் வந்துடும். சார், கொஞ்சம் நகருங்க, வருஷத்தைப் போடணும்."

முதலாளி நகர்ந்தார்.

---

நான்கு மணிக்கு அந்தப் பெண் அம்மாவோடு வந்தாள். இரண்டு பக்கமும் ஊன்றுகோல், முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆபரேட்டர் அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டாள்.

"இதுவும் இறுக்கினா நான் இனிமே வரமாட்டேன். அம்மா இழுத்தாலும் வரமாட்டேன்."

"இறுக்கினா நானும் வரமாட்டேன்" என்றார் ஆபரேட்டர் அம்மா.

அந்தப் பெண்ணுக்கு இது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. காலை நீட்டினாள். கிண்ணம் உள்ளே போனது. நாங்கள் எல்லாரும், செதுக்கும் மிஷின் ஓட்டுகிறவர் உட்பட, சுவரோரமாக நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முதலாளி மட்டும் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அவள் கம்பிகளைப் பிடித்து எழுந்தாள். பாரத்தை அந்தப் பக்கம் மெல்லச் சாய்த்தாள். முகத்தைச் சுளிக்கத் தயாராக வைத்திருந்தாள், சுளிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டடி வைத்தாள். கம்பியின் கடைசி வரை போனாள். திரும்பும்போது ஒரு கையை விட்டாள். அவள் அம்மா "பாத்து, பாத்து" என்று பின்னாலேயே ஓடினார்.

"வலிக்குதா?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டார் முதலாளி.

"வலிச்சா சொல்லமாட்டேனா" என்றாள் அவள், நடையை நிறுத்தாமல்.

அம்மாவும் பெண்ணும் ஊன்றுகோல்களைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு முதலாளி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். கிழித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். என் மூக்குக்குக் கிடைத்த நஷ்டஈடாக வைத்துக்கொண்டேன்.

"லைசன்ஸ் விஷயத்தை மறைக்க முடியாது சார்" என்றார் அண்ணி. "அந்தக் கம்பெனி உரிமையை யாராவது வாங்கியிருப்பாங்க. தேடிப் பிடிச்சு எழுத்துல அனுமதி வாங்குங்க. இல்லேன்னா புதுசு வாங்குங்க. வாங்கினா அதை இவங்களை விட்டே கத்துக்கச் சொல்லுங்க."

"நான் வாங்கறேன். அவங்களே பாக்கட்டும்." பிறகு ஆபரேட்டர் அம்மா பக்கம் திரும்பினார். கண்ணைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்தார். "அந்தப் புதுப் பட்டறைக்கு... போறீங்களா?"

"கூப்பிட்டாங்க. யோசிக்கறேன்னு சொல்லியிருந்தேன்." அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "சார், என்னைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினீங்க. ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தப் பட்டறையில எத்தனை பேர்கிட்ட படிச்சுக் காட்டினீங்கன்னும் எனக்குத் தெரியும். கிழிச்சா அது போயிடாது. எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுங்க."

"என்ன எழுதணும்?"

"நடந்ததை."

முதலாளி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு அளவு அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார். இரண்டு பக்கம் எழுதிப் பழகிய கை, ஒரு வரிக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. எழுதி நீட்டினார். ஆபரேட்டர் அம்மா வாங்கி, மிஷின்காரருக்கும் எங்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

"பத்தொன்பது வருடம் கூட இருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குழந்தைகளின் கால் என்னால்தான் கெட்டது."

கீழே கையெழுத்து இல்லை. ஆபரேட்டர் அம்மா அட்டையைத் திருப்பி நீட்டினார். முதலாளி கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார், இந்த வருடத் தேதி.

அந்த அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"தபால்காரரைக் காலையில வரச் சொல்லிடுங்க" என்றார். "நான் ஒன்பது மணிக்கு வந்துடுவேன்."